இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், கார்: வீட்டுக்கு எந்தக் கைப்பம்பு வாங்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ஹார்ட் டிஸ்க், ராம், மானிட்டர் எல்லாவற்றையும் நன்றாக விசாரித்து வாங்குகிறார்கள். மின்வெட்டை நினைத்து கூடவே ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்குகிறார்கள். சிலர் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரும் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இவற்றுக்கு உள்ளே ஊற்ற வேண்டிய தண்ணீர், பெட்ரோல், ஆயில் ஆகியவற்றை எப்படி ஊற்றுவது என்று யாரும் யோசிப்பதில்லை. 5 லிட்டர் கேனைத் தூக்கிச் சாய்த்து, பாதியைத் தரையில் கொட்டி, மீதியைப் பேட்டரியில் ஊற்றுகிறார்கள். இன்னும் சிலர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சி பெட்ரோல் எடுக்கிறார்கள். முதலாவது பேட்டரியைக் கெடுக்கும். இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

இந்த இரண்டையும் தவிர்க்க விலை அதிகமில்லாத ஒரு கைப்பம்பு போதும். ஆனால் எல்லாத் திரவத்துக்கும் எல்லாப் பம்பும் பொருந்தாது. எதை எதற்கு வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் உங்கள் பேட்டரி எந்த வகை?

பம்பு வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் வைக்கும் சிறிய யு.பி.எஸ்.சுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏ.எச். அளவுள்ள சீல் செய்யப்பட்ட பேட்டரி. இதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியை நெம்பித் திறக்கவும் கூடாது. பேக்கப் குறைந்துவிட்டால் புதிய பேட்டரி மாற்றுவது ஒன்றுதான் வழி. லித்தியம் பேட்டரி உள்ள இன்வெர்ட்டர்களுக்கும் தண்ணீர் வேலை கிடையாது.

வீடு முழுவதற்கும் மின்சாரம் தரும் இன்வெர்ட்டருடன் வரும் பெரிய டியூபுலர் பேட்டரியில் மேல்புறம் 6 மூடிகள் இருக்கும். ஒவ்வொரு மூடிக்குக் கீழும் ஒரு செல் உள்ளது. ஒரு செல்லுக்குச் சுமார் 2 வோல்ட் வீதம் 6 செல்கள் சேர்ந்து 12 வோல்ட் தருகின்றன. தண்ணீர் ஊற்ற வேண்டியது இந்த வகைக்குத்தான்.

தண்ணீர் ஏன் குறைகிறது?

பேட்டரிக்குள் இருப்பது தண்ணீரும் கந்தக அமிலமும் கலந்த கலவை. சார்ஜ் ஆகும்போது, முக்கியமாக சார்ஜ் நிறையும் நேரத்தில், தண்ணீரின் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. வெயில் காலத்தில் இது அதிகமாகும். அமிலம் மட்டும் உள்ளேயே தங்கிவிடும். எனவே நீங்கள் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. கடையில் ஆசிட் கொடுத்தாலும் அதை ஊற்றாதீர்கள். அமிலத்தின் அடர்த்தி கூடி உள்ளே இருக்கும் தகடுகள் அரிக்கப்படும்.

தண்ணீர் மட்டம் தகடுகளுக்குக் கீழே இறங்கிவிட்டால், வெளியே தெரியும் பகுதி காய்ந்து கெட்டுவிடும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் அந்தப் பகுதி முழுமையாகப் பழைய நிலைக்கு வராது. ஒரு கணக்குப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 1800 வாட் அவர். இன்வெர்ட்டரில் வீணாவது போக 80 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 1440 வாட் அவர். கம்ப்யூட்டர், மோடம், ஒரு ஃபேன், ஒரு லைட் சேர்ந்து 300 வாட் எடுத்தால் காகிதக் கணக்கில் 4 மணி 48 நிமிடம் ஓடும். நடைமுறையில் இதைவிடக் குறையும். தகடுகளில் பாதி கெட்டுப்போனால் அந்த நேரமும் பாதியாகிவிடும். நீங்கள் ஃபைலை சேவ் செய்யும் முன்பே கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம்.

கைப்பம்பு எப்படி வேலை செய்கிறது?

பெரும்பாலான கைப்பம்புகளில் இரண்டு ஒருவழி வால்வுகள் இருக்கும். ரப்பர் குமிழை அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியேறும் டியூப் வழியாகப் போகும். கையை எடுத்தால் குமிழ் விரிந்து, கேனிலிருந்து புதிதாக உறிஞ்சிக்கொள்ளும். வால்வுகள் திரும்பிப் போக விடாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கேனில் உள்ள திரவ மட்டத்தைவிட டியூபின் மறுமுனை கீழே இருந்தால், ஒருமுறை ஓட ஆரம்பித்த திரவம் நீங்கள் கையை எடுத்த பிறகும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு சைஃபன் என்று பெயர். பல பம்புகளில் குமிழின் தலையில் ஒரு சிறிய திருகு மூடி இருக்கும். அதைத் தளர்த்தினால் காற்று உள்ளே புகுந்து ஓட்டம் நின்றுவிடும். வாங்கும்போது இந்த மூடி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேன் தாழ்வாகவும் மறுமுனை உயரமாகவும் இருந்தால் சைஃபன் வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் அழுத்தினால்தான் திரவம் வரும். பேட்டரிக்கு இதுதான் நல்லது. அளவு உங்கள் கையில் இருக்கும்.

வகைகள் என்னென்ன?

1. குமிழ் பம்பு: கடைகளில் மண்ணெண்ணெய் பம்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் குழாய், மேலே குமிழ், பக்கவாட்டில் வளையும் டியூப். விலை மிகக் குறைவு. டிஸ்டில்டு வாட்டருக்கு இது போதும். கெட்டியான ஆயிலுக்கு ஆகாது.

2. பேட்டரி ஃபில்லர்: ஒரு ரப்பர் குமிழும் ஒரு நீண்ட முனையும் கொண்டது. உறிஞ்சி, நகர்த்தி, விட வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் ஒவ்வொரு செல்லுக்கும் சிறிது சிறிதாக ஊற்ற வசதியானது. பேட்டரிக்கு மேலே இடைவெளி குறைவாக உள்ள வீடுகளுக்கு ஏற்றது. மட்டம் வந்ததும் தானாக நின்றுவிடும் முனை கொண்ட ஃபில்லர் பாட்டில்களும் உண்டு. விலை கூடுதல்.

3. பெரிய சிரிஞ்ச்: 100 அல்லது 200 மில்லி அளவில் கிடைக்கும். பிரேக் ஆயில் போன்ற சிறிய அளவு திரவத்துக்கு மிகவும் ஏற்றது. அளவுக் கோடுகள் இருப்பது இதன் பலம்.

4. குலுக்கும் சைஃபன்: நீண்ட டியூபின் ஒரு முனையில் பித்தளைக் குழாயும் அதற்குள் ஒரு சிறிய குண்டும் இருக்கும். திரவத்துக்குள் விட்டு மேலும் கீழும் குலுக்கினால் ஓட ஆரம்பிக்கும். வேகம் அதிகம். ஆனால் மறுமுனை கட்டாயம் கீழே இருக்க வேண்டும். திரவம் ஆழமாகவும் இருக்க வேண்டும். பித்தளை இருப்பதால் பேட்டரிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

5. பிஸ்டன் பம்பு: சைக்கிள் பம்பு போலக் கைப்பிடியை இழுத்துத் தள்ளுவது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில் போன்ற கெட்டியான திரவங்களுக்கு இதுதான் சரி.

6. வேக்குவம் எக்ஸ்ட்ராக்டர்: ஒரு மூடிய டேங்க்கில் காற்றை வெளியேற்றி, அளவுகோல் செருகும் துவாரம் வழியாகப் பழைய ஆயிலை உறிஞ்சி எடுப்பது. காரில் தாமே ஆயில் மாற்றுபவர்களுக்கு மட்டும் தேவை.

டிரம்மின் மேல் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றும் ரோட்டரி பம்பு 200 லிட்டர் பீப்பாய்களுக்கானது. வீட்டுக்கு வேண்டாம்.

எந்தத் திரவத்துக்கு எந்தப் பொருள்?

பம்பின் வடிவத்தைவிட அது எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதுதான் முக்கியம். டியூப், வால்வு, வாஷர் ஆகிய மூன்றையும் கவனியுங்கள்.

டிஸ்டில்டு வாட்டர்: பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் நல்லது. உள்ளே இரும்பு ஸ்பிரிங் இருக்கும் பம்பு வேண்டாம். துருவின் சிறு துகள் தண்ணீருடன் பேட்டரிக்குள் போனால், சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும்.

பெட்ரோல், டீசல்: சாதாரண இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். சாதாரண பி.வி.சி. டியூப் சில நாட்களில் விறைத்து வெடிப்பு விடும். நைட்ரைல் ரப்பர் அல்லது வைட்டான் என்று குறிப்பிட்ட பம்புகளைக் கேளுங்கள். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் மட்டமான ரப்பரை இன்னும் வேகமாகக் கெடுக்கும். எனவே பழைய பம்பு வீட்டில் இருந்தால் டியூபை வளைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மண்ணெண்ணெய்க்கு மட்டும் என்று அச்சிட்டிருந்தால் அதைப் பெட்ரோலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இன்ஜின் ஆயில், கியர் ஆயில்: நைட்ரைல் ரப்பர் வாஷர், தடித்த டியூப். டியூப் மெல்லியதாக இருந்தால் கை வலிக்கும் வரை அடித்தாலும் ஆயில் நகராது.

பிரேக் ஆயில்: டாட் 3, டாட் 4 என்று வருபவை கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு இ.பி.டி.எம். ரப்பர் பொருந்தும். ஆயிலுக்குப் பொருந்தும் நைட்ரைல் இதற்குப் பொருந்தாது. அதேபோல இ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோலில் கெட்டுவிடும். ஒரே பம்பு இரண்டுக்கும் ஆகாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கூலன்ட்: பிளாஸ்டிக் குமிழ் பம்பு போதும். ஆனால் இதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாயும் பூனையும் நக்கிவிடக்கூடும். பம்பை உடனே கழுவி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு திரவத்துக்கு ஒரு பம்பு

வைரஸ் உள்ள பென் டிரைவைப் பல கம்ப்யூட்டர்களில் செருகினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பம்பும் அப்படித்தான். பெட்ரோல் எடுத்த பம்பைக் கழுவிவிட்டு டிஸ்டில்டு வாட்டருக்குப் பயன்படுத்தாதீர்கள். வால்வுக்குள் தங்கும் துளிகள் எவ்வளவு கழுவினாலும் முழுமையாகப் போகாது. பிரேக் ஆயிலில் சிறிது இன்ஜின் ஆயில் கலந்தாலே பிரேக்கில் உள்ள ரப்பர் பாகங்கள் உப்பி, பிரேக் பிடிக்காமல் போகும் ஆபத்து உண்டு.

எனவே ஒவ்வொரு பம்பிலும் பெர்மனென்ட் மார்க்கரால் பெயர் எழுதி வையுங்கள். விலை குறைவான இரண்டு பம்புகள் வாங்குவது விலை உயர்ந்த ஒரு பம்பு வாங்குவதைவிட மேல்.

கடையில் பார்க்க வேண்டியவை

டியூபின் நுனியை விரலால் மூடிக்கொண்டு குமிழை அழுத்துங்கள். காற்று வேறு எங்காவது கசிந்தால் வாங்காதீர்கள்.

உறிஞ்சும் குழாய் உங்கள் கேனின் அடி வரை எட்ட வேண்டும். கேனின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு செல்லுங்கள். கேனின் வாய்க்குள் குழாய் நுழையுமா என்றும் பாருங்கள்.

வெளியேறும் டியூப் குறைந்தது ஒரு மீட்டர் நீளம் இருக்கட்டும். உள்ளே ஓடுவது தெரியும்படி சற்று ஒளி ஊடுருவும் டியூபாக இருந்தால் வசதி.

வால்வையும் வாஷரையும் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பம்பில் முதலில் தேய்வது இவைதான்.

டார்ச் செல்லில் ஓடும் மோட்டார் பம்பும் கடையில் காட்டுவார்கள். தண்ணீருக்குச் சரி. பெட்ரோலுக்கு வேண்டவே வேண்டாம். மோட்டாரில் வரும் ஒரு சிறு தீப்பொறி போதும்.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் முறை

மாதம் ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளில் கீழ்க்கண்டபடி செய்யுங்கள்.

1. பேட்டரி முழுமையாக சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது உள்ளே மட்டம் சற்று உயரும். சார்ஜ் இல்லாதபோது முழு அளவு ஊற்றினால் பிறகு அமிலம் பொங்கி வழியும். தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், முதலில் தகடு மூழ்கும் வரை ஊற்றி, சார்ஜ் செய்து, பிறகு மீதியை ஊற்றுங்கள்.

2. கம்ப்யூட்டரை முறைப்படி ஷட் டவுன் செய்யுங்கள். இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, அதன் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றுங்கள்.

3. மோதிரம், வளையல், வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். உலோகம் பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டால் ஷார்ட் ஆகிக் கையைச் சுட்டுவிடும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணியுங்கள்.

4. ஜன்னலைத் திறங்கள். பக்கத்தில் ஊதுபத்தி, விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும்.

5. பேட்டரியின் மேல்புறத்தை ஈரத் துணியால் துடையுங்கள். தூசு உள்ளே விழாமல் இருக்க இது அவசியம். பிறகு மூடியைத் திறங்கள்.

6. டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தரையில், பேட்டரியைவிடத் தாழ்வாக வையுங்கள். ஸ்டூல் மேல் வைக்காதீர்கள்.

7. டியூபின் நுனி செல்லின் வாயில் இருக்கட்டும். உள்ளே உள்ள அமிலத்தில் மூழ்க விடாதீர்கள். சிறிது சிறிதாக அழுத்துங்கள். மிதவை மூடியை மீண்டும் பொருத்தி, அதில் உள்ள மேல் கோட்டைப் பாருங்கள். பெரும்பாலான பேட்டரிகளில் சிவப்பு என்றால் குறைவு, பச்சை என்றால் போதும். உங்கள் பேட்டரியுடன் வந்த கையேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

8. 6 செல்களுக்கும் இப்படியே செய்து, மூடிகளை இறுக்கி, மேல்புறத்தைத் துடைத்த பிறகே இன்வெர்ட்டரை ஆன் செய்யுங்கள். ஊற்றிய தேதியைப் பேட்டரியின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், அந்த செல்லில் ஏதோ கோளாறு இருக்கிறது. சர்வீஸ் ஆளை அழைத்துக் காட்டுங்கள்.

ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றும்போது

ஜெனரேட்டரை நிறுத்தி, இன்ஜின் ஆறும் வரை காத்திருங்கள். வெளிச்சம் போனதும் அவசரத்தில் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சிந்துவதால்தான் தீ விபத்து நடக்கிறது. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.சில் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள் வேலையை சேவ் செய்து அணைத்துவிடுங்கள்.

பெட்ரோல் கேனைத் தரையில் வைத்தே பம்பு செய்யுங்கள். வேகமாக ஓடும் பெட்ரோலில் நிலை மின்சாரம் சேரும். எனவே மெதுவாக அழுத்துங்கள். தொடங்கும் முன் ஜெனரேட்டரின் உலோக உடலை ஒருமுறை தொட்டுவிட்டு, உலோகக் கேனாக இருந்தால் அதையும் தொடுங்கள். டேங்க்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரிவடையும்.

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் லைசென்ஸ் இன்றி ஒருவர் வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர்தான். உலோகக் கேன் 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது. வீட்டுக்கு 5 லிட்டரே தாராளம். அதையும் கம்ப்யூட்டர் அறையிலோ சமையலறையிலோ வைக்காதீர்கள். ஜெனரேட்டரை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

வாயால் உறிஞ்சாதீர்கள்

பைக்கில் பெட்ரோல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. பெட்ரோல் மிக மெல்லிய திரவம். ஒரு வாய் தவறுதலாகப் போனால்கூட அது மூச்சுக்குழாய்க்குள் நழுவி நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது மீண்டும் நுரையீரலுக்குள் போகும். உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பேட்டரி அமிலம் கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் செல்லுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். தரையில் சிந்திய அமிலத்தின் மேல் சமையல் சோடாவைத் தூவுங்கள். நுரை வருவது நின்ற பிறகு தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

கேள்வி - பதில்

கேள்வி: ஆர்.ஓ. தண்ணீரைப் பேட்டரிக்கு ஊற்றலாமா?
பதில்: கூடாது. குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரிலும் பாட்டில் தண்ணீரிலும் உப்புகள் மிச்சம் இருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் தூசும் உலோகத் துகளும் கலந்திருக்கும். 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரின் விலையோடு ஒரு பேட்டரியின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: குமிழ் பம்பில் இன்ஜின் ஆயில் வரவே இல்லையே?
பதில்: ஆயில் கெட்டியானது. பிஸ்டன் பம்பு தேவை. பழைய ஆயிலை எடுப்பதாக இருந்தால் இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, மிதமான சூட்டில் நிறுத்திவிட்டு எடுங்கள். இளகி எளிதாக வரும். எடுத்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு இன்வெர்ட்டர் மட்டும்தான் இருக்கிறது. என்ன வாங்கலாம்?
பதில்: ஒரு பிளாஸ்டிக் குமிழ் பம்பு அல்லது பேட்டரி ஃபில்லர், ஒரு ஜோடி ரப்பர் கையுறை, ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. இவை போதும். ஜெனரேட்டர் இருந்தால் நைட்ரைல் வாஷருள்ள பெட்ரோல் பம்பு ஒன்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கார் உள்ளவர்கள் பிரேக் ஆயிலுக்கு ஒரு சிரிஞ்சைத் தனியாக ஒதுக்குங்கள்.

பயன்படுத்திய பிறகு பம்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டு முழுவதும் வடிய விடுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள். தண்ணீர்ப் பம்பை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி வைத்தால் தூசு சேராது. அடுத்த மாதம் பேட்டரி மட்டம் பார்க்கும் நாளில் டியூபில் வெடிப்பு இருக்கிறதா என்றும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.